இலையைத் திருப்பிப் பார்த்தவள்

செம்மண்ணூரில் சனிக்கிழமை விடிந்தால் யாரும் பல் தேய்க்கமாட்டார்கள். முதலில் வீட்டுக்காரரின் இலைகளைத் துடைத்துவிட வேண்டும். வீட்டுக்காரர் என்றால் செடி. ஒரு வீட்டில் கறிவேப்பிலை, இன்னொன்றில் நந்தியாவட்டை, மன்றத் தலைவர் குற்றாலிங்கம் குடியிருக்கும் வீட்டில் வாட்டசாட்டமாக ஒரு எலுமிச்சை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்த வீடு மாதிரி, ஈரத்துணியும் கையுமாக ஊரே பரபரத்துக்கொண்டிருக்கும்.

செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பெரும் பள்ளத்தின்மேல் கண்ணாடிக் கூரை வேய்ந்து அமைத்த ஊர் அது. தென்காசிப் பக்கத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள்தான் அங்கே அதிகம். ஊர் புதிதாக இருந்தபோது ஒரு முறை காற்று இயந்திரம் நின்றுபோய்விட்டது. பழுது பார்க்கும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தவர்கள், வீட்டிலிருந்த தொட்டிச் செடிதான் தங்களைக் காப்பாற்றியது என்று நம்பினார்கள். ஒற்றைச் செடி ஒரு குடும்பத்துக்குக் காற்று கொடுத்துவிடாது என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். பயந்துபோனவர்கள் போட்ட சட்டத்தை மாற்றுவது என்ன லேசான காரியமா? அன்றிலிருந்து வீடுகள் எல்லாம் 'மூச்சுச்செடி'களின் பெயரில். மனிதர்கள் வெறும் குடியிருப்பவர்கள்.

கதவுகூடச் செடியின் பேச்சைத்தான் கேட்கும். தொட்டி மண்ணுக்குள் ஒரு வேர்க்கருவி இருக்கிறது. செடி நலமாக இருக்கும்வரை, உள்ளே இருப்பவர் திறக்காமல் வெளியாள் யாரும், அவர் தலைவராகவே இருந்தாலும், நுழைய முடியாது. செடியின் உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் கதவு தானாகத் திறந்துகொள்ளும். யார் வேண்டுமானாலும் ஓடிவந்து காப்பாற்றட்டும் என்பதற்காக.

சனிக்கிழமைகளில் வரும் இலைக்காவலன் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இயந்திரம். எட்டுக் கால், தலையில் விளக்கு, முதுகில் முதலுதவிக்குச் சோப்புத் தண்ணீர்க் குப்பி. செடிமேல் ஏறி ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்க்கும். பச்சை விளக்கு எரிந்தால் பிழைத்தோம். சிவப்பு எரிந்தால் செடி எரிந்து சாம்பல்பெட்டிக்குப் போகும், குடும்பம் பொதுக்கூடத்துக்குப் போகும். அங்கே ஆளுக்கு ஓர் அடுக்குப் படுக்கை, அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே குறட்டை.

இந்த ஊரில்தான் உலகம்மை இருந்தாள். குழாய் அழுத்தப் பிரிவில் தலைமை இன்ஜினியர். மீட்டர் காட்டுவதை நம்பாமல் குழாயைத் தொட்டுப் பார்க்கிறவள் என்று அலுவலகத்தில் அவளுக்குக் கெட்ட பெயர். அவள் வீட்டுக்காரி ஒரு செம்பருத்தி. முன்பு குடியிருந்தவர்கள் குச்சியாக விட்டுப்போனதைத் தேற்றி, பூக்க வைத்து, அதனோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தாள். செடியோடு என்ன சண்டை என்று கேட்காதீர்கள். அவளுக்கு யாரோடும் சண்டை வரும்.

அந்த வாரத் தொடக்கத்தில் அவள் கணவர் கோமதிநாயகம் வெறுங்காலோடு செடிப்பக்கம் போனவர் நின்றுவிட்டார்.

"தரை என்னத்துக்குப் பிசுபிசுங்குது? பாயாசத்தைக் கொட்டிட்டியா?"

"பாயாசம் வச்சா, கொட்டுறதுக்கு மிச்சம் வைக்கிற ஆளா நீங்க?" என்று சொன்னபடியே வந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. இலைகளின் மேலே பசை மினுமினுத்தது. ஓர் இலையைத் திருப்பினாள். காம்பு சேரும் மூலையில் அரிசிமாவைத் தூவியது போல வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது.

மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சிக்கொண்டு, மிஞ்சிய இனிப்பைப் பசையாகக் கழிக்கிற பூச்சி. அந்தப் பசையில் கரும்பூசணம் பிடித்தால் இலை மூச்சுவிட முடியாது. செம்பருத்தியைத் தீயில் போடுவது என்று நினைத்த மாத்திரத்தில் உலகம்மைக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு வேலை நன்றாக ஓடும்.

பூமியின் பழைய குறிப்புகளில் வைத்தியம் இருந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் துடைக்க வேண்டும். பிறகு சோப்புக் கரைத்த தண்ணீரை இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். சில நாள் விட்டு மறுபடியும் செய்ய வேண்டும், ஏனென்றால் முட்டைகள் தப்பித்திருக்கும். எரிக்கச் சொல்லி எந்தக் குறிப்பிலும் இல்லை. அவள் பாதிச் செடியைத் துடைத்து முடித்திருந்தபோது, பஞ்சு பட்ட ஒரு வெள்ளைப்பூச்சி எழுந்து ஓடியது.

உலகம்மை கையை இழுத்துக்கொண்டாள். மாவுப்பூச்சி ஓடாது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து உறிஞ்சுவதுதான் அதன் பிழைப்பு. இதுவோ கொஞ்சம் பெரியது, மேலெல்லாம் நீளநீளமாய் வெள்ளைக் குஞ்சம். ஓடிய ஓட்டத்தில் ஒரு மாவுப்பூச்சிமேல் முட்டி நின்றது. நின்று, அதைத் தின்ன ஆரம்பித்தது.

"ஏங்க, இங்க வாங்களேன். இது அதைத் திங்குது!"

கோமதிநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ரெண்டும் ஒண்ணு மாதிரில்லா இருக்கு. சொந்தக்காரனைத் திங்குதோ?"

"மாதிரிதான் இருக்கு. அது வேற, இது வேற. அடப்பாவமே, இதுல பாதியை நானே துடைச்சுக் கொன்னுட்டேனே!"

அது ஒரு பொறிவண்டின் புழு. இரைக்கு நடுவிலேயே இரையின் வேடம் போட்டுக்கொண்டு வாழ்வது. உரத்துக்காகப் பூமியிலிருந்து வந்த தென்னைநார் மூட்டையில் இரண்டும் சேர்ந்தே கப்பலேறியிருக்க வேண்டும். அவள் பஞ்சைக் கீழே போட்டாள். தின்கிறவன் தின்னட்டும் என்று விட்டாள். நாளுக்கு நாள் வெள்ளை குறைந்துகொண்டு வந்தது. ஆனால் சனிக்கிழமை அதற்காகக் காத்திருக்குமா?

சனிக்கிழமை இலைக்காவலன் செம்பருத்திமேல் ஏறியது. மேற்பார்வைக்கு வந்த பெனடிக்ட் வாசலிலேயே நின்றான். நல்ல பையன், ஆனால் மேலே கேட்காமல் தும்மக்கூட மாட்டான். மூன்றாவது இலையில் இயந்திரத்தின் விளக்கு சிவந்தது, குரலும் வந்தது.

"மாவுப்பூச்சி உறுதி. எரிக்கவும்."

"தம்பி, நல்லாப் பாரு. அது ஓடுது பாரு."

"வெள்ளையா இருக்கே அக்கா."

"வெள்ளையா இருந்தா? உன் சட்டைகூட வெள்ளைதான். உன்னையும் எரிச்சுருவோமா?"

"நான் என்னக்கா பண்ண? காவலன் சொல்லிட்டுன்னா சொன்னதுதான்."

உலகம்மை இலைக்காவலனை இரண்டு கையாலும் பிடித்து எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். சோயாப்பால் வாங்கப் போயிருந்த கோமதிநாயகம் திரும்பி வந்தபோது வீட்டு முன்னால் ஊரே நின்றது. அவர் பால் பாத்திரத்தோடு கூட்டத்தின் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அவளை அவருக்குத் தெரியும்.

"எரி! எரி! எங்க செடிக்கும் வந்துரும்!" என்று கூட்டம் கத்தியது. குற்றாலிங்கம் வந்து கதவைத் தட்டினார்.

"ஏ உலகம்மா, கதவைத் திற."

"நான் யாரு அண்ணாச்சி திறக்கதுக்கு? வீட்டுக்காரி இவதான். இவகிட்ட கேளுங்க."

"செடி பேசுமா, ஏட்டி?"

"சட்டம் போடும்போது அது தெரியலையாக்கும்? இவளுக்கு உயிர்போற நோய்னா கதவு தானாத் திறந்திருக்கும். திறந்துதா? இல்லைல்ல? அப்போ இவ நல்லா இருக்கா. போயிட்டு வாங்க."

குற்றாலிங்கம் கதவிலிருந்து கையை எடுத்தார். சட்டம் அவர் தாத்தா போட்டது. கூட்டத்தில் ஒருத்தி சிரித்தேவிட்டாள்.

உலகம்மை அடுப்படியிலிருந்து தோசைக்கல்லை எடுத்துவந்து ஜன்னல் கண்ணாடியோரம் வைத்தாள். ஆறிப்போன கருப்புக் கல். அதில் ஒரு மாவுப்பூச்சியையும் ஒரு குஞ்சப்புழுவையும் விட்டாள். "பாருங்க! கண்ணு இருக்கிறவங்க எல்லாரும் பாருங்க!"

கண்ணாடியில் மூக்குகள் வரிசையாக அப்பின. ஒன்று கிடந்த இடத்திலேயே கிடந்தது. மற்றது கல்லைச் சுற்றி ஓடி, கிடந்ததைக் கண்டுபிடித்து, எல்லோரும் பார்க்கப் பார்க்கத் தின்றது. கத்திக்கொண்டிருந்தவர்கள் இன்னும் கிட்டே பார்க்க முண்டியடித்தார்கள்.

அப்படியும் குற்றாலிங்கம் இறங்கிவரவில்லை. செடி முழுசாகத் தேறட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார். அவளும் தேறும்வரை கதவைத் திறக்கமாட்டேன் என்று பிடித்த பிடியில் நின்றாள். கோமதிநாயகம் பொதுக்கூடத்தில் படுத்து, அந்தக் குறட்டையில் தன் பங்கையும் சேர்த்தார். தினமும் வந்து, அவள் சாப்பிடுகிறாளா என்று ஜன்னல் வழியாகச் சோற்றைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் ஒருநாள் குஞ்சப்புழுக்கள் கூடு கட்டி, கூட்டிலிருந்து கரிய உடம்பும் ஆரஞ்சுத் தலையுமாகக் குட்டி வண்டுகள் வெளியே வந்தன. செம்பருத்தியில் மருந்துக்குக்கூட மாவுப்பூச்சி இல்லை. ஊர் கைதட்டியது. உலகம்மை கதவைத் திறந்துகொண்டு ராணி மாதிரி வெளியே வந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ளத் தெரியாதவர்கள், ஜெயித்தவரின் வெற்றியைத் தங்களுடையதாக ஆக்கிக்கொள்வார்கள். குற்றாலிங்கம் மன்றத்தைக் கூட்டினார். வெள்ளைக் குஞ்சப் பூச்சி இனி 'வெண்தோழன்'. அதைக் கொல்வது குற்றம். இலைக்காவலன்கள் எல்லாவற்றுக்கும் புதிய பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"ஓடுதா, உக்காந்திருக்கான்னு பாக்கணுமே அண்ணாச்சி?" என்று பெனடிக்ட் தலையைச் சொறிந்தான்.

"அதெல்லாம் சொல்லிக் குழப்பாதேயும் வே. நேத்துவரைக்கும் வெள்ளைன்னா கெட்டது. இன்னைலருந்து வெள்ளைன்னா நல்லது. தீந்துது."

அடேயப்பா, அதன்பிறகு ஊரில் நடந்த கூத்து! சிவப்பு விளக்குக்குப் பயந்து செடியில் ஒட்டியிருந்ததை ஒளித்து ஒளித்துத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் துணியை வீசிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இத்தனை தோழர் என்று ஒருவருக்கொருவர் பீற்றிக்கொண்டார்கள். இல்லாதவர்கள் இருக்கிறவர்களிடம் ஒரு கொப்பாவது ஒடித்துத் தரும்படி கெஞ்சி வாங்கிப்போனார்கள். தொட்டிகளுக்குக் குங்குமம் வைத்தார்கள். தரையில் சொட்டிய பசையை நாக்கில் தொட்டுப் பார்த்து, "தோழன் தந்த தேன்" என்றார்கள். பெண்கள் கொண்டையிலும் ஆண்கள் சட்டைப்பையிலும் பஞ்சுக் குஞ்சம் தொங்கவிட்டார்கள். குற்றாலிங்கத்தின் குஞ்சம் ஆட்டுக்குட்டி வால் அளவு இருந்தது. அவர் வீட்டு எலுமிச்சை அடியிலிருந்து நுனிவரை வெளுத்துக் கிடந்தது.

நிஜமான வண்டுகளோ, செம்பருத்தியில் தின்ன ஒன்றும் இல்லாமல் காற்றுக்குழாய் வழியாக எங்கோ பறந்துபோயிருந்தன. எந்த வீட்டில் நுழைந்தாலும் கருப்பாக ஏதோ பறக்கிறது என்று அடித்திருப்பார்கள்.

இலைக்காவலன்களுக்குப் புதிய பாடம் ஏற்ற சில வாரம் பிடித்தது. அதற்கடுத்த சனிக்கிழமை உலகம்மை வீட்டில் விளக்கு சிவந்தது.

"தோழன் இல்லை. குறை."

"இல்லாததுதாண்டா குணம்" என்றாள் அவள். இயந்திரத்துக்கு அது புரியவில்லை. குற்றாலிங்கமே நேரில் வந்தார், பின்னால் பாதி ஊர். கையில் மூடி போட்ட டம்ளர். உள்ளே வெள்ளை அப்பிய ஓர் எலுமிச்சைக் கொப்பு.

"எங்க வீட்டுத் தோழனை உனக்கே கொண்டாந்திருக்கேன். நீதானே முதல்ல கண்டுபிடிச்சவ. மறுக்கப்படாது."

உலகம்மை டம்ளரை வாங்கித் திறந்து, விரல் நுனியால் ஒரு பூச்சியைத் தொட்டாள். அசையவில்லை. இன்னொன்றைத் தொட்டாள். அதுவும் அசையவில்லை.

"அண்ணாச்சி, இது ஓடலையே."

"புது இடம்லா? கூச்சமா இருக்கும்."

உலகம்மை அலமாரியிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தாள். பஞ்சை நனைத்தாள். எல்லோரும் பார்க்க, கொப்பை ஒரு ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். கூட்டம் "ஐயோ!" என்று அலறியது.

"தோழனைக் கொல்லுதாளே! தோழனைக் கொல்லுதாளே!"

"இது மாவுப்பூச்சி, போன மாசம் எரி எரின்னு கத்தினீங்களே, அதே மாவுப்பூச்சி! தோசைக்கல்லுல மூக்கை வச்சுப் பாத்தீங்களே, மறந்துபோச்சா?"

"மன்றத்து முடிவை எதுத்தா பேசுத?" குற்றாலிங்கத்துக்கு முகம் சிவந்தது. "செம்பருத்தியை ஒழுங்கான வீட்டுக்கு மாத்தணும். உங்களுக்குப் பொதுக்கூடம்."

"என் செடிமேல கையை வச்சுப் பாருங்க!" என்று அவர்களை எல்லாம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள் உலகம்மை.

கோமதிநாயகம் தெருமுனையில் திரும்பியவர் அப்படியே நின்றார். கையில் சோயாப்பால். "ஒரு தடவையாவது, நான் உள்ள இருக்கும்போது சண்டை போடப்படாதா?" என்று யாரிடமோ முறையிட்டுவிட்டுப் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தார். கூட்டமும் பழைய இடத்திலேயே நின்றது. அதே ஆட்கள், அதே குரல். வார்த்தை மட்டும்தான் வேறு. "கொல்லாதே! கொல்லாதே!"

அப்போது அடுத்த வீட்டுக் கதவு 'டப்' என்று திறந்துகொண்டது. வாசலில் ஆள் இல்லை. உள்ளே கறிவேப்பிலை, இருந்த இலையையெல்லாம் உதிர்த்துவிட்டுக் கரிபிடித்த குச்சியாக நின்றது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்தது. தெரு நெடுகக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போய், கடைசியில் குற்றாலிங்கம் வீட்டுக் கதவும் திறந்தது. சாகக் கிடக்கிறோம், யாராவது வாருங்கள் என்று வீட்டுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். அத்தனை பேரும் அந்த அழைப்பைக் கேட்டார்கள். ஒருவரும் நகரவில்லை.

"மன்றம் கூடி முடிவெடுக்கிறவரைக்கும் யாரும் இலையைத் தொடப்படாது" என்றார் குற்றாலிங்கம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

உலகம்மையின் கதவும் திறந்தது. அவள் திறந்தது. ஒரு கையில் ஸ்பிரிட் பாட்டில், மறு கையில் பஞ்சுப் பொட்டலம். சேலையை இடுப்பில் செருகியிருந்தாள். "நகருங்க!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு கறிவேப்பிலை வீட்டுக்குள் நுழைந்து வேலையை ஆரம்பித்தாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தக் கறிவேப்பிலையிலிருந்துதான் அவள் தாளிப்புக்கு வாங்குவாள். முட்டாள்களே, முட்டாள்களே என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே துடைத்தாள்.

பெனடிக்ட் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக மேலே கேட்காமல் ஒரு காரியம் செய்தான். தெருவிலேயே குந்தி உட்கார்ந்து இலைக்காவலனைத் திருப்பிப் பிடித்துச் சொன்னான். "இங்கேரு. வெள்ளையா இருந்து, ஓடுனா தோழன். வெள்ளையா இருந்து, ஓடாம உக்காந்த இடத்துலயே இருந்தா மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணி அடி. போ."

இலைக்காவலன் எட்டுக் காலில் எழுந்து நின்றது. பாடம் புதிது, சூட்டோடு சூடாகச் செய்துகாட்டும் ஆவல். விளக்கைச் சுழற்றியது. கண்ணெதிரே வெள்ளைக் குஞ்சங்கள், நூறு நூறாக. ஒன்றுகூட நகரவில்லை. எல்லாவற்றிலும் பெரிய குஞ்சத்தின் முன்னால் போய் நின்றது.

"மாவுப்பூச்சி உறுதி."

குற்றாலிங்கத்தின் முகத்தில் சோப்புத் தண்ணீர் பாய்ந்தது.

அவர் ஓடினார். அடுத்த குஞ்சத்துக்குப் பீச்சியது, அதுவும் ஓடியது. பிறகு யாரும் காத்திருக்கவில்லை. கொண்டையைப் பிடித்துக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் ஊரே விழுந்தடித்து ஓடியது. ஓடுகிற ஒவ்வொருவரையும் இலைக்காவலன் பச்சை விளக்குப் போட்டுப் பாராட்டியது. "தோழன். தோழன். தோழன்."

தெருவில் கோமதிநாயகம் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவரிடம் குஞ்சம் இல்லை. பால்தான் கொட்டிப்போயிருந்தது.

திறந்து கிடந்த தன் வீட்டுக்குள் பாய்ந்த குற்றாலிங்கம் எலுமிச்சைத் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினார். மூச்சிரைத்தது. தலைக்கு மேலே ஓர் இலை. அந்த இலையின் அடிப்பக்கத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைத்தது எல்லாம் மேல்பக்கத்தைத்தான். மெதுவாக ஒரு விரலை நீட்டி அந்த வெள்ளையைத் தொட்டார். இன்னொரு தடவை தொட்டார்.

வாசலில் நிழல் விழுந்தது. கறிவேப்பிலையை முடித்துவிட்டு உலகம்மை வந்து நின்றாள்.

"ஏ உலகம்மா," என்றார் அவர், சின்னப்பிள்ளை குரலில். "இது ஓடலையே."

"கூச்சமா இருக்கும் அண்ணாச்சி" என்றாள் அவள், நனைத்த பஞ்சை அவர் கையில் கொடுத்துக்கொண்டே.